அண்ணன் சிரித்த இடங்கள்

நகைச்சுவை நாவல் எழுதுகிறவருக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டாலே குமட்டும் என்றால் யார் நம்புவார்கள்? நம் எழுத்தாளருக்குக் குமட்டியது. பதினேழு நாவல் எழுதியாகிவிட்டது. வாசகர்கள் 'சிரிப்பு டாக்டர்' என்று பட்டம் வேறு கட்டியிருந்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் யாரோ எச்சில் கையால் கன்னத்தைத் தடவியதுபோல இருக்கும் அவருக்கு. கூட்டங்களில் கையைப் பிடித்துக்கொண்டு, "வயிறு வலிக்கச் சிரிச்சேன் சார்" என்பார்கள். 'வலிச்சா மாத்திரை போடுய்யா, என் கையை விடு' என்று உள்ளே பொருமியபடி, வெளியே பல்லைக் காட்டுவார். அப்படிப் பல்லைக் காட்டுகிற தன் மூஞ்சியும் அவருக்குப் பிடிக்காது.

"யாரைப் படிச்சு எழுத வந்தீங்க?" என்று பேட்டிக்காரர்கள் கேட்டால் பெரிய பெரிய பெயர்களாக அடுக்குவார். அத்தனையும் புளுகு. பள்ளி நாளில் வாடகை நூலகத்தில் எடுத்த ஒரு சிரிப்பு நாவலின் கடைசி முப்பது பக்கத்தை எந்தப் புண்ணியவானோ கிழித்துக்கொண்டு போயிருந்தான். மண்டை வெடித்துவிடும்போல் இருக்கவே, அந்த முப்பது பக்கத்தையும் இவரே எழுதி அண்ணனுக்குப் படித்துக் காட்டினார். அவ்வளவுதான் அவருடைய குருகுலவாசம். இப்போதெல்லாம் அடுத்தவன் எழுதியதைப் பிரித்தால் இரண்டே பக்கத்தில் "சீ" என்று மூடிவிடுவார். படிப்பது தன் பழைய நாவல்களைத்தான். அதையும் "சீ" என்றபடிதான் படிப்பார், ஆனால் ஒரு வரி விடமாட்டார்.

எழுதுவது காலையில், குளிப்பதற்கு முன், துணி தேய்க்கிற மேஜையில், நின்றுகொண்டே. உட்கார்ந்து எழுதினால் நகைச்சுவைக்குத் தூக்கம் வந்துவிடும் என்று ஒரு கொள்கை.

"கசங்கின சட்டையோட நான் ஆபீஸ் போறேன். அதையும் எழுதுங்க, ஊரே சிரிக்கட்டும்" என்பாள் மனைவி. அவர் எழுதியும் இருக்கிறார், இரண்டு நாவலில்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த பழக்கம். தெரியாத பழக்கம் ஒன்று உண்டு. நாவல் அச்சுக்குப் போவதற்கு முன் அண்ணனை வரவழைத்து முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டுவார். அண்ணன் எங்கெல்லாம் சிரிக்கிறாரோ அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு. அண்ணன் கிளம்பிப் போனதும், கோடு போட்ட இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவார்.

ஏன் என்கிறீர்களா? அண்ணன் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். தினசரியில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி அவர் எதையும் படித்ததாக இவருக்குத் தெரியாது. மூன்றாவது நாவலில், சோப்பில் வழுக்கி விழுகிறவனைப் பற்றிய ஒரு கட்டத்துக்கு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். புத்தகம் வந்ததும் விமர்சகர்கள் அந்தக் கட்டத்தைத்தான் கிழிகிழியென்று கிழித்தார்கள். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். எப்போதும் சரியாகப் பத்து நிமிஷம் பிந்தி ஓடுகிற கடிகாரத்தை வைத்துக்கொண்டும் பஸ்ஸைப் பிடிக்கலாமே!

இந்தப் பதினெட்டாவது நாவலில் விஷயம் முற்றிப்போயிருந்தது. முந்தைய இரண்டும் கிடங்கில் அடுக்கிய கட்டுக் கலையாமல் கிடந்தன. "இதுவும் போகலேன்னா இனிமே உங்க புத்தகத்தை நான் போட முடியாது சார்" என்று பதிப்பாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மறுநாள் காலை கையெழுத்துப் பிரதி போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

முதல் பக்கத்திலேயே சிரித்தார். கோடு போட்டார் எழுத்தாளர். இரண்டாம் பக்கத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தார். மூன்றாம் பக்கத்தில் இருமல் வந்து எச்சில் தெறித்துக் காகிதத்தில் விழுந்தது. எழுத்தாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்டையில் சளி புரளும் அந்தச் சிரிப்பை முப்பது வருஷமாகக் கேட்கிறார். 'இந்த மனுஷனுக்கு ரசனை என்கிற ஒன்று மருந்துக்காவது உண்டா?' நாற்பதாம் பக்கத்தில் ஓரம் முழுக்கக் கோடாக இருந்தது. பேனாவைத் தூக்கிப் போட்டார்.

"போதும்ணே! இதுல என்ன எழவு இருக்குன்னு இப்படிச் சிரிக்கிறீங்க?"

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். ஒரே நொடியில், குழாயை மூடினதுபோல.

"ஒன்னும் இல்லடா. அதான் சிரிச்சேன்."

"என்னது?"

"நான் சிரிச்சா நீ வெட்டிடுவ. எனக்குத் தெரியாதா? டிக்கெட் இல்லாதவனை மூஞ்சிய வச்சே பிடிச்சவன்டா நான். நாலாவது புத்தகத்தைப் பிரிச்சுப் பாக்கறேன், நான் சிரிச்ச எடம் ஒன்னுகூட இல்ல. சரி, தம்பி இப்படித்தான் வேலை செய்யறான்போலன்னு புரிஞ்சுது. அதுலேருந்து தேறாத எடத்துல மட்டும் சிரிக்கிறேன்."

எழுத்தாளர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப அந்த சோப்பு?"

"படிச்சுட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்ன. பாவமா இருந்துச்சு. சிரிச்சு வச்சேன்." அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "நல்ல எடத்துல அடக்குறதுதான்டா பெரும்பாடு. ஒன்பதாவது புத்தகத்துல அந்தக் கல்யாண வீட்டுக் கட்டம் இருக்கே, கன்னத்தை உள்பக்கமா கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரத்தமே வந்துருச்சு. வீட்டுக்குப் போய் உங்க அண்ணிகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

எழுத்தாளர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். முதலில் வந்தது கோபம். அது வந்த வேகத்தில் போய், தன்மேலேயே ஓர் அருவருப்பு கிளம்பியது. தனக்கு வாய்த்த ஒரே நல்ல வாசகரை மட்டி என்று நினைத்து, அந்த மட்டித்தனத்தை வைத்துப் பிழைத்ததாக வேறு உள்ளுக்குள் பெருமையடித்துக்கொண்டிருந்திருக்கிறார்! சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா நீ கேக்கற ஆளா?"

எழுத்தாளர் கோடு போட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இந்த வாட்டி முழுசும் தேறலியா?" என்றார் கடைசியில்.

"போன ரெண்டுலயே சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சுடா. எல்லாத்தையும் வெட்டினா ஒன்னும் மிஞ்சாதுன்னு நீதான் பாதியை வெட்டாம விட்டுட்ட."

"இல்லண்ணே. நீங்க எங்க சிரிக்கணும்கிறதையே பாத்துக்கிட்டு சரியாக் கேட்டிருக்க மாட்டீங்க. முதல்லேருந்து படிக்கிறேன். இந்த வாட்டி நெசமாக் கேளுங்க. சிரிப்பு வந்தா சிரிங்க, அடக்காதீங்க."

"படி."

படித்தார். வழக்கத்தைவிட ஏற்ற இறக்கத்தோடு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் வைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படித்தார். அண்ணன் கன்னத்தைக் கடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உடம்பை முன்னால் சாய்த்து, காது மந்தமானவர் கேட்பதுபோல அத்தனை கவனமாகக் கேட்டார். ஐந்து பக்கம் போயிற்று. பதினைந்து போயிற்று. மனைவி அடுத்த அறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டிருந்தாள். அண்ணன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. முப்பதாம் பக்கத்தில் அவருக்கு நாக்கு வறண்டு நின்றுவிட்டது. அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

அண்ணனுடைய கண் கலங்கியிருந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"படிப்பா" என்றார். "இன்னும் நெறைய இருக்குல்ல?"