நாங்களே கூப்பிடுகிறோம்

மெத்தை தைக்கும் அந்தப் பட்டறையை நடத்தியவர்கள் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு பெண்கள். வாங்குவது, விற்பது, பேரம் பேசுவது எல்லாம் பெரியவள். பில், பேங்க், கம்ப்யூட்டர் எல்லாம் சின்னவள். இருவருக்குள்ளும் பகை கிடையாது. பெரிய ஒட்டுதலும் கிடையாது.

அன்று மதியம் பெரியவளின் போன் அடித்தது. ஃபோம் அனுப்பும் மொத்தக் கடையிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். குரலில் தேன் ஒழுகியது.

"மேடம், உங்க போன மாசப் பில் நிலுவையில இருக்கு. எங்க பேங்க் கணக்கு மாறிடுச்சு. புது நம்பர் அனுப்புறேன், நாலு மணிக்குள்ள போட்டுடுங்க. இல்லன்னா நாளைக்கு வர்ற லோடை நிறுத்தச் சொல்லிட்டாங்க."

பில் நம்பரைச் சொன்னான்; சரியாக இருந்தது. தொகையும் சரி. பெரியவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு மாணவர் விடுதிக்கு அறுபது மெத்தை சனிக்கிழமைக்குள் போயாக வேண்டும்.

"உடனே அனுப்பிடு," என்று சின்னவளிடம் சொன்னாள்.

"அக்கா, போனை இப்படிக் குடுங்க." சின்னவள் வாங்கிக்கொண்டாள். "நீங்க வைங்க சார். நாங்களே கடைக்குக் கூப்பிட்டுக் கேட்டுக்கிறோம்."

"கடை நம்பர் இப்போ வேலை செய்யாது மேடம். இதே நம்பருக்குத்தான் கூப்பிடணும்." தேன் வற்றிவிட்டது. "அப்புறம் லோடு வரலன்னு எங்கிட்ட அழாதீங்க!"

"பரவால்ல," என்று சொல்லிச் சின்னவள் போனை வைத்துவிட்டாள்.

பெரியவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத்தனை வருஷப் பழக்கம். நம்மள என்ன நினைப்பாங்க? விடுதிக்கு நீயா பதில் சொல்லுவ?"

சின்னவள் அலமாரியைத் திறந்தாள். கோப்பிலிருந்து பழைய பில் ஒன்றை உருவி, அதில் அச்சாகியிருந்த எண்ணை அழுத்தினாள். கடை முதலாளியே எடுத்தார்.

"கணக்கு மாறிடுச்சா? யாரும்மா சொன்னது? அதே பேங்க், அதே கணக்குதான். உங்க பில்லுக்கு இன்னும் பத்து நாள் தவணை இருக்கே!"

பெரியவள் அங்கிருந்த ஃபோம் சுருள்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். போன வாரம் வந்த இன்னொரு அழைப்பு அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. ஃபோம் கடையிலிருந்து வாடிக்கையாளர் கருத்துக் கேட்கிறோம் என்று ஒருத்தி இனிக்க இனிக்கப் பேசினாள். இவளும் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, நம்பரிலிருந்து தொகைவரை ஒப்பித்திருந்தாள்.

"போன வாரம் கடையிலேர்ந்துன்னு ஒருத்தி கேட்டா. நான்தாம்மா பில்லைப் பத்தி எல்லாம் உளறியிருக்கேன்," என்றாள்.

"நம்ம கடைக்காரங்கன்னு நம்பிச் சொல்லிட்டீங்க. விடுங்கக்கா. நான் போலீசுக்கு அந்த நம்பரைக் குடுக்குறேன். நம்மள மாதிரி அங்க ஃபோம் வாங்குறவங்க எல்லாரையும் உங்களுக்குத் தெரியுமே, அவங்களுக்குச் சொல்லிடுங்க."

பெரியவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். தலையணைக்காரர் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். சோபா தைப்பவரோ, அந்தப் புதுக் கணக்கு எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு பேங்க் வரிசையில் நின்றிருந்தார்.

"எனக்கு முன்னாடி ரெண்டே பேருதாம்மா," என்றார். "தெய்வம் மாதிரி கூப்பிட்டீங்க. பொண்ணோட காலேஜ் பணம்மா அது."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எங்க சின்னவகிட்ட சொல்லுங்க," என்று பெரியவள் போனை நீட்டினாள். சின்னவள் காது சிவக்கக் கேட்டுக்கொண்டு, "சரிங்க... இருக்கட்டுங்க," என்று மட்டும் சொன்னாள்.

மாலை வீட்டில் பேச்சு வந்தபோது, "ஒரு மோசடி போன் வந்துச்சு. ரெண்டு பேருமா சமாளிச்சுட்டோம்," என்று சின்னவள் சுருக்கமாக முடித்தாள். பெரியவளுக்கு அதை விழுங்க முடியவில்லை. "ரெண்டு பேருமில்ல. குழி வெட்டிக் குடுத்தது நான். விழாம பிடிச்சது இவ," என்று கணவர்கள் முன்னால் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் சின்னவளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிம்மா."

"என்னக்கா, மூணாம் மனுஷங்ககிட்ட சொல்ற மாதிரி!"

"மூணாம் மனுஷங்கன்னா இவ்வளவு வெட்கமா இருந்திருக்காது. சட்டுன்னு சொல்லியிருப்பேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் லோடு சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கியது.