ஏழாவது அருவி

மூன்றாவது அருவிக்கு இறங்கும் மரப்படிகளில் அந்த அம்மாள் வழுக்கி விழுந்தபோது, அத்தனை இரைச்சலிலும் எலும்பு முறிந்த சத்தம் நர்ஸுக்குக் கேட்டது. பத்தொன்பது வருஷமாக எலும்பு முறிவு வார்டிலேயே கிடந்த காது அது.

ஒரே மலைச்சுவரில் ஏழு அருவிகள். அதைப் பார்க்கத்தான் நர்ஸ் இரண்டு விமானம் மாறி, கணவனோடும் நாத்தனாரோடும் வந்திருந்தாள். விழுந்தவள் எந்த தேசத்துக்காரியோ, எழுபது வயதிருக்கும். பாவாடை இடுப்புவரை சுருண்டு கிடந்தது. நர்ஸ் ஓடிப்போய் முதலில் அதைத்தான் கீழே இழுத்துவிட்டாள். பிறகு யாரோ ஒருவர் கையிலிருந்த குடையைப் பிடுங்கி, காலோடு சேர்த்துத் தன் துப்பட்டாவால் அசையாமல் கட்டினாள். அந்த அம்மாள் புரியாத பாஷையில் ஏதோ முனகிக்கொண்டே அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்தால் சுற்றிலும் ஃபோன்கள். ஒருத்தன் ரொட்டியை மென்றுகொண்டே படம் எடுத்தான். எல்லாருக்கும் முன்னால், கைப்பிடிக் கம்பியில் முழங்காலை முட்டுக்கொடுத்தபடி, அவள் புருஷன்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்துக்க. பின்னாடி அருவி மறையுது."

வேறு யாருக்கோ சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் கையை ஆட்டி மறுபடி சொன்னான். அவள் நகரவில்லை. தூக்குப்படுக்கையோடு ஆட்கள் வந்து சேர அரைமணி நேரமாயிற்று. அதுவரை அவன் ஃபோனைத் தாழ்த்தவே இல்லை.

பேருந்தில் ஏறுவதற்குள் அவன் அந்தப் படத்தை உலகத்துக்கே காட்டியாகிவிட்டது. நாத்தனார் பின்சீட்டிலிருந்து ஃபோனை நீட்டி, அண்ணி சும்மா தேவதை மாதிரி இருக்கிறாள் என்றாள். நர்ஸ் வாங்கிப் பார்த்தாள். பாவாடையை இழுத்துவிடுவதற்கு முன்பே படம் தொடங்கியிருந்தது. தூக்க ஓடாமல், முதலில் ஃபோனைத்தான் எடுத்திருக்கிறான். பதினாறு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன்.

"அந்தம்மா மூஞ்சியெல்லாம் தெரியுது. அழிச்சிடுங்க."

"உன்னத்தானே எல்லாரும் தெய்வம்னு போடுறாங்க? நல்லது பண்ணத காட்டுனா தப்பா?"

"அழிங்க."

அவன் சிரித்துக்கொண்டே, அதற்குள் எத்தனை ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று தங்கைக்குச் சொல்ல ஆரம்பித்தான். அதைவிட அவளுக்குக் குமட்டியது வேறொன்று. படம் ஓடியபோது அவள் கண் தன்னையறியாமல் ஓரிரு நொடி தன் முகத்துக்குப் போயிருந்தது. கூந்தல் கலைந்திருக்கிறதா, கழுத்துச் சதை தொங்குகிறதா என்று பார்த்திருந்தது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஏழாவது அருவிதான் எல்லாவற்றிலும் பெரியதாம். வண்டி நின்றதும் எல்லாரும் முண்டியடித்து இறங்கினார்கள். வரவில்லையா என்று வாசலிலிருந்து அவன் கேட்டான். கண்ணாடி நிறைய வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் திரைச்சீலையை இழுத்து மூடினாள். அந்தத் துணி, இரைச்சலில் மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது.