ஆபிராம் எடுக்காத படம்

கடல் கடந்து வந்து மவுண்ட் வெல்லிங்டனில் வின்சென்ற் வாங்கிய வீட்டின் முன்னறைச் சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. ஒன்றில் அவன் மனைவி லூசியாவின் தாயும் தகப்பனும் கல்யாணக் கோலத்தில் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றது வெறும் ஆணி. குடிவந்த அன்றே, பெட்டிகளைப் பிரிக்க முன்னரே, வின்சென்ற் அதை அடித்துவிட்டான். பன்னிரண்டு வருடமாயிற்று. கலண்டரையாவது மாட்டலாமே என்று லூசியா கேட்டுப் பார்த்தாள். மனிதன் விட்டால்தானே!

அந்த ஆணி அவனுடைய அம்மா யோகராணிக்கு. மாட்டத்தான் படமில்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் வீடு எரிந்தபோது பட அல்பமும் சேர்ந்து எரிந்தது. அடுத்த ஆண்டு முடிய முன்னர், அகதி முகாமில் மலேரியா வந்து அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. முகாமின் சமையல் கொட்டிலில் நின்று அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. முகம் மட்டும் வருவதில்லை. கண்ணை மூடினால் வளர்த்த சித்தியின் முகம்தான் வந்து நிற்கும். பெற்றவளின் முகத்தை மறந்துவிட்டேனே என்று அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

போன டிசம்பரில், கோயில் அறிவித்தல் பலகையில் ஒரு கடதாசியைக் கண்டு லூசியா ஃபோனில் படமெடுத்து வந்தாள். ஹில்ஸ்பரோவில் வசிக்கும் ஹில்டா என்ற கனடாக்காரி எழுதியது. அவளுடைய காலஞ்சென்ற தகப்பன் ஆபிராம் மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர். ஆயுதம் தொடாத சபை அது. எங்கே சண்டையும் பஞ்சமும் வந்தாலும் சோறும் போர்வையுமாகப் போய் நிற்பார்கள். ஆபிராம் தொண்ணூற்றொன்றில் மன்னார் முகாமொன்றில் வேலை செய்தவர். அவருடைய கடிதங்களும் படங்களும் மூன்று பெட்டி நிறைய இருக்கின்றன. இடங்களை அடையாளம் காட்ட அந்தப் பக்கத்து ஆட்கள் உதவ முடியுமா என்று கேட்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை முகாம் போலதான் கிடக்கு. மூண்டு பெட்டியாம்!" என்றாள் லூசியா.

அடுத்த நாள் வின்சென்ற் பென்ரோஸ் கிடங்கில் வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குப் போய், நல்ல மரச்சட்டமாகப் பார்த்து ஒரு ஃபிரேம் வாங்கி வந்தான்.

"படத்தைக் காணமுன்னம் ஃபிரேமோ? உங்களுக்கென்ன விசரே?" என்று ஏசினாலும், லூசியா அதன் கண்ணாடியைத் துடைத்துத்தான் வைத்தாள்.

அந்த ஊரில் கோடையான ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இருவரும் போனார்கள். ஹில்டாவுக்கு எழுபது வயதிருக்கும். எண்ணெயில் பொரித்த மாப் பலகாரமும் நீரொழுகும் சிவப்பு வத்தகப்பழத் துண்டுகளும் கொண்டுவந்து வைத்தாள். கோடையில் எங்கள் சனத்தின் சாப்பாடு இது என்றாள். பழத்துக்கு மிளகாய்த்தூள் கேட்கலாமா என்று லூசியா யோசித்து, அடக்கிக்கொண்டாள்.

பெட்டி திறந்தது. கிணறு, கொட்டில், அரிசிமூட்டை, கொடியில் காயும் ஒட்டுப்போர்வைகள். "இது குழாயடி. இது பள்ளிக்கூடம். இந்தப் பாலைமரத்திலையிருந்து விழுந்துதான் என்ரை பல்லுப் போனது." வின்சென்ற் சொல்லச் சொல்ல, லூசியா ஆங்கிலத்தில் சொன்னாள், ஹில்டா எழுதினாள். இரண்டாம் பெட்டியும் முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. முந்நூறு படத்தில் ஒரு மனித முகம் இல்லை.

"ஆக்களை அவர் எடுக்கேல்லையோ?" வின்சென்ற் வெறும் பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தான்.

ஹில்டா எழுந்துபோய் ஒரு பழுப்புப் படத்தைக் கொண்டுவந்தாள். மொட்டையடித்த சிறுமியொருத்தி கோப்பையோடு வரிசையில் நிற்கிறாள்.

"இது அப்பாவின் அம்மா. நூறு வருடத்துக்கு முன்னர் உக்ரேனில் பஞ்சம். எங்கள் சபை கஞ்சி ஊற்றிய இடத்தில் யாரோ எடுத்துப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். சாகும்வரை அவள் இதைக் கவிழ்த்தே வைத்திருந்தாள். அதைப் பார்த்து வளர்ந்த அப்பா, உதவி வாங்கும் யாரையும் படம் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார்."

நியாயம்தான். வின்சென்றுக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் விளங்கினால் நோகாதா? "நல்ல மனிசன்தான். ஒரேயொரு படம், என்ரை அம்மாவை மட்டும் எடுத்திருந்தா அந்தாள் என்ன குறைஞ்சா போயிருப்பார்?" என்று லூசியாவைப் பார்த்துச் சொன்னான். கண்ணீர் வந்தது. துடைக்கவும் இல்லை.

லூசியாவுக்குப் பொறுக்கவில்லை. "கடிதங்களிலாவது இருக்குதா பாருங்கள்," என்று ஹில்டாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். "இவருடைய அம்மா அந்த முகாமில்தான் சமைத்தவ. பெயர் யோகராணி."

ஹில்டா நிமிர்ந்தாள். "யோகராணியா? சண்டைக்கார யோகராணியா?"

கடிதக் கோப்பைப் புரட்டி, தகப்பன் தாய்க்கு எழுதிய ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தாள்.

"அன்புள்ள அன்னா, இன்றும் யோகராணியிடம் ஏச்சு வாங்கினேன். காலையில் பருப்பில் கல் என்று சுளகோடு வந்தாள். பின்னேரம் தன்னையும் மகனையும் படம் எடுக்கச் சொன்னாள். நான் மறுத்துக் காரணமும் சொன்னேன். கேட்டு முடித்ததும் என் கையிலிருந்து கமராவைப் பறித்தாள்: அப்படியென்றால் நீ நில். நீயும் தினமும் என் கையால் வாங்கித்தானே சாப்பிடுகிறாய்? வாங்கித் தின்கிறவன் எப்படியிருப்பான் என்று உன் மனைவியும் பார்க்கட்டும் என்றாள். கடவுளே, நான் இப்படிச் சிரித்து வருடக்கணக்காகிறது. அவளுக்குக் கமரா பிடிக்கத் தெரியாது. படம் சரிவந்திராது."

ஹில்டா வாசித்தது ஆங்கிலத்தில். வின்சென்றின் காதில் விழுந்ததோ கொட்டிலில் கேட்ட அதே சத்தம், அதே தமிழ். அம்மாதான். அவளைத் தவிர வேறு யாருக்கு அந்த வாய்!

"அந்தப் படம் எங்கே?" என்று கேட்டான்.

ஹில்டாவின் முகம் சிவந்தது. "பழுதான படங்களை எறிவதற்கென்று ஓர் உறையில் போட்டு வைத்தேன்..." அவள் குசினி மூலையைக் காட்டி முடிக்க முன்னர், லூசியா அந்த உறையைத் தூக்கிவந்து பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டாள்.

ஏழாவது படம் அது. சரிந்து நிற்கும் ஒல்லி வெள்ளைக்காரர், கையில் அலுமினியத் தட்டு, வாயெல்லாம் சிரிப்பு. மேல் மூலையை ஒரு விரல் மறைத்திருந்தது. பின்னேர வெயில் எடுத்தவளின் முதுகில் அடித்ததால், அவள் நிழல் மணலில் நீண்டு ஆபிராமின் காலடிவரை கிடந்தது. அகட்டிய முழங்கைகள், காற்றில் பறக்கும் சேலைத்தலைப்பு. அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இன்னொரு நிழல், அவள் நெஞ்சளவு உயரத்தில்.

வின்சென்ற் சிரிக்கத் தொடங்கினான். அழுகையும் கூடவே வந்தது. "எணை அம்மா, அந்த விரலையாவது எடுத்திருக்கலாமே!"

"அசல் உங்களுக்குத்தான்," என்றாள் ஹில்டா. "பெட்டியில் பிரதியை வைக்கிறேன். எடுத்தவர் யோகராணி என்று எழுதி வைக்கிறேன்."

அடுத்த ஞாயிறு சாப்பிட வந்த கூட்டாளி றெஜினோல்ட் முன்னறையில் கால் வைத்ததும் திகைத்து நின்றான்.

"என்னடாப்பா இது? இவ்வளவு காலம் காத்துக் கிடந்திட்டு, அம்மான்ரை ஆணியிலை ஆரோ வெள்ளைக்காரனைக் கொழுவியிருக்கிறாய்?"

வின்சென்ற் அவன் கையைப் பிடித்துச் சுவரடிக்குக் கூட்டிப்போனான்.

"அவரை விடு. கீழை மணலைப் பார். இது அம்மா. இது நான்."