கதவை மூடி அளந்த அறை

நாலாவது ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு, இடுப்பில் கைவைத்து, இரண்டடி பின்னால் போய் என் கைவேலையை நானே ஒருமுறை ரசித்து முடித்த பிறகுதான் கதவைத் திறக்கப் போனேன். அறைக்குள் திறக்கும் கதவு அது. இரண்டு விரல் அகலம் திறந்தது. அதற்கு மேல் வராமல், நான் அப்போதுதான் சுவரோடு சேர்த்து இறுக்கியிருந்த கட்டிலின் கால்மாட்டில் முட்டிக்கொண்டு நின்றது. ஒருமுறை பலமாக இழுத்தேன். பிறகு, கதவுக்குத் தெரியாமல் இழுத்தால் வந்துவிடும் என்பதுபோல மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கட்டில் கதவின் பாதைக்குள் நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் நான் இருந்தேன். உள்ளங்கையில் மிச்ச ஸ்க்ரூக்களை ஏந்திக்கொண்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். என் போன், என் மனைவி, மற்றபடி உலகத்தில் உள்ள எல்லாமும் வெளியே இருந்தன.

இதில் அவமானம் என்னவென்றால், நான் ஒரு சர்வேயர். இருபத்திரண்டு வருடமாக ஊரார் நிலத்தை அளந்துகொடுத்துச் சாப்பிடுகிறவன். அரை அடிக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு பக்கத்து வசவையும் வாங்கி, கடைசியில் கல்லை நட்டுவிட்டு வருகிறவன். இந்த அறையை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஒரே கணக்கு வந்தது. மூன்று முறையும் கதவை மூடி வைத்துக்கொண்டு அளந்தேன். நிலத்துக்குக் கதவு கிடையாது என்பதைத் தவிர என் தரப்பில் சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, போட்ட ஸ்க்ரூவைக் கழற்றினால் போயிற்று என்று துளைபோடும் மெஷினைத் திருப்பிச் சுற்றினேன். முதல் இரண்டும் வந்தன. மற்ற இரண்டையும், குழந்தை படுக்கிற கட்டிலாயிற்றே, ஆடவே கூடாது என்று ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாக முடுக்கியிருந்தேன். அவற்றின் தலையில் இருந்த கூட்டல் குறி தேய்ந்து வட்டக் குழியாகிவிட்டிருந்தது. மெஷின் அந்தக் குழிக்குள் கொஞ்ச நேரம் வழுக்கிச் சுற்றிவிட்டு, பேட்டரி தீர்ந்து, ஒரு பெருமூச்சோடு நின்றது.

"மேடம்," என்றேன், "நாம ரெண்டு பேரும் இனிமே இங்கதான். நீங்க கட்டில்ல படுங்க, நான் மேஜை மேல படுத்துக்கறேன். ஓட்டு கேக்க வந்தா ஜன்னல் வழியா கைய நீட்டிக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. கதவின் இடுக்கையும் ஜன்னல் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஸ்க்ரூக்களை மேஜையில் ஒவ்வொன்றாக வரிசையாக வைத்துவிட்டு, மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

அவள் என் மனைவியின் மகள். அவளுடைய அப்பா இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அதன் பிறகு அம்மாவின் ஷிப்ட் வேலைக்குத் தோதாகப் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதமாகிறது. 'லீவு முழுக்க உங்ககூட இருக்கட்டும். கடைசி ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். இருக்கேன்னு சொன்னா விட்டுட்டுப் போறேன். வர்றேன்னு சொன்னா கூட்டிட்டுப் போறேன். அவ வாயால சொல்லணும்' என்று பெரியம்மா பேசி அனுப்பியிருந்தார். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இதுதான். அவர் ஐந்து மணிக்கு வருகிறார். அதற்குள் அறையை முடித்துக் காட்டிவிட வேண்டும் என்றுதான் நான் காலையிலிருந்து இப்படிப் பறந்தது. வருகிறவருக்காக என் மனைவி கூடத்தைத் துடைத்து வைத்திருந்தாள். துளைபோடும் தூசி அங்கே போகக் கூடாது என்றுதான் கதவைச் சாத்தியதும். நல்ல எண்ணத்தில் செய்யாத காரியம் எதுவும் இதில் இல்லை.

அறையைத் தயார் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அவளிடம் நான் கேட்காத கேள்வி கிடையாது. "சுவத்துக்கு என்ன கலர் அடிக்கலாம்? கத்தரிக்கா கலரா, காய்ச்சல் வந்தவன் நாக்கு கலரா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஓகே" என்றாள். மேஜை ஜன்னல் பக்கமா, இந்தப் பக்கமா? "பரவால்ல." திரைச்சீலையில் பூவா, கோடா? "உங்க இஷ்டம்." எல்லைத் தகராறு வீடுகளில்கூட இவ்வளவு மரியாதையை நான் பார்த்ததில்லை. கடைசியில் நானே யோசித்து இளம்பச்சை அடித்தேன். சுவரில் ஒரு மரமும் அதில் ஏழு குரங்குகளும் ஒட்டினேன். ஒட்டி முடித்த பிறகுதான் அட்டையில் 'மூன்று வயதுவரை' என்று போட்டிருந்ததைப் படித்தேன். "நல்லா இருக்கு" என்றாள். ஏழாவது குரங்கு என்னைப் பார்த்த பார்வையில் அது நல்லா இல்லை என்று எனக்குப் புரிந்தது.

என்னை அவள் எதுவும் கூப்பிட மாட்டாள். "இந்தாங்க" என்பாள், "இங்க பாருங்க" என்பாள், அல்லது நான் திரும்பும்வரை பக்கத்தில் வந்து நிற்பாள். ஒருநாள் பெரியம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "சர்வேயர் பெயின்ட் அடிக்கறார்" என்று சொன்னது காதில் விழுந்தது. ஏதோ ஒரு பெயராவது இருக்கிறதே என்று அன்றைக்கு ஒரு கோட் அதிகமாக அடித்தேன்.

"என்னங்க, முடிஞ்சுதா?" என்று இடுக்கில் என் மனைவியின் ஒற்றைக் கண் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். கண் மறைந்தது. அவள் சுவரில் சாய்ந்து சிரிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது குரல் மட்டும் ரொம்ப ஒழுங்காக இருந்தது.

"மூணு தடவ அளந்தேன்னீங்க?"

"அளவு சரிதான். கதவுதான் ஜாஸ்தி."

"பாப்பா, பசிக்குதாடா?"

இடுக்கு வழியாக பிஸ்கட் ஒவ்வொன்றாக வந்தது. தண்ணீர் பாட்டில் வராது, டம்ளர் வராது. பாப்பா பிஸ்கட்டை வாங்கி மேஜையில் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் அடுக்கினாளே தவிர, சாப்பிடவில்லை. பிறகு இடுக்கில் வாயை வைத்து, "அம்மா, என் பெட்டி எங்க?" என்று கேட்டாள்.

"பெட்டியா? அது சமையல் ரூம் பரண் மேல இருக்கு. எதுக்கு இப்ப?"

"சும்மாதான்."

சின்ன நீல நிறப் பெட்டி அது. சக்கரம் ஒன்று உடைந்தது. வந்த நாளிலிருந்து அதைத் திறந்து வைத்தே உடுத்திக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்தால், முந்தின இரவு மாற்றியதை மடித்து மறுபடி அதற்குள்ளேயே வைப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்காகத்தான் கட்டிலுக்கு அடியில் மூன்று பெரிய டிராயர் வைத்து வாங்கினேன். காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெட்டியைக் காலிசெய்து, துணியை எல்லாம் அழகாக டிராயரில் அடுக்கி, பெட்டியை ஏணி போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். அவளைக் கூட்டிவந்து டிராயரை இழுத்துக் காட்டி, "ராணியம்மாவின் துணிமணிகள்!" என்று கட்டியக்காரன் மாதிரி அறிவித்தேன். "தேங்க்ஸ்" என்றாள். பிறகு அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். மேஜைக்கு அடியில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அறை பிடித்துப்போய்ச் சுற்றிப் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவள் அதேபோலத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய கதவு, கம்பி போட்ட ஜன்னல், ஏணி போட்டால்தான் எட்டும் இடத்தில் பெட்டி, எதிரே வாய் ஓயாத ஒரு சர்வேயர். அறைக்குள் நான் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவள் மாட்டிக்கொண்டு எத்தனை நாள் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேசாமல் இருப்பதற்காக ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நாலே முக்காலுக்கே பெரியம்மா வந்துவிட்டார். வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது, என் மனைவி தாழ்ந்த குரலில் சொல்லும் விளக்கம் கேட்டது, அப்புறம் இடுக்கில் வேறு ஒரு கண் வந்தது.

"ஏன் மாப்பிள்ளை, பொண்ண எங்கூட அனுப்பக் கூடாதுன்னு கட்டிலையே குறுக்க போட்டுட்டீங்களா?"

"வாங்கக்கா. உள்ள வாங்கன்னு சொல்ல முடியல."

"ஊரையே அளக்கறவரு! பத்துக்குப் பத்து ரூம அளக்கத் தெரியல." அந்தக் கண் கீழே இறங்கியது, குரலும் இறங்கியது. "பாப்பா... பயமா இருக்காடி?"

"இல்ல பெரியம்மா."

"மூச்சு விட முடியுதா?"

"ம்."

"அக்கா, கிண்டல் பண்ணது போதும், வழி சொல்லு," என்றாள் என் மனைவி.

"என்ன வழி? ஒண்ணு கதவ அறுக்கணும், இல்ல கட்டில அறுக்கணும். கதவு வீட்டுக்காரரோடது. அதுல கை வச்சா வேற வீடு பாக்கணும்."

இடுக்கு வழியாக ரம்பத் தகடு ஒன்று வந்தது, கைப்பிடி இல்லாமல். ஒரு முனையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிலின் முன் உட்கார்ந்தேன். கால்மாட்டில் நாலு விரல் அறுத்துத் தள்ள வேண்டும். அதற்குக் கடைசி டிராயரை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அந்தப் பக்கப் பலகை போய்விட்டால் டிராயர் ஓடுவதற்குத் தண்டவாளம் இருக்காது. மூன்று டிராயர் இரண்டாகும். பல வாரம் கடை கடையாக ஏறி இறங்கி, பிடித்த கட்டிலில் டிராயர் குறைவாக இருக்கிறது என்று பிடிக்காத கட்டிலை வாங்கியவன் நான். டிராயரை இழுத்துக் கழற்றி ஓரமாக வைத்தேன். அதில் அவளுடைய பாவாடை, சட்டைகள் இருந்தன. கட்டிலுக்கு அடியில் இருட்டாக ஒரு பொந்து தெரிந்தது.

அறுக்க ஆரம்பித்தேன். மரத்தூள் முழங்காலில் கொட்டியது. சர்வேயர் வேலையில் ஒரு சௌகரியம், எல்லையை நான் சொன்னால் போதும், வெட்டுவது வேறு ஆள். பத்து இழுப்புக்கே தோள்பட்டை என்னை விசாரித்தது. "மேடம், இந்த மரம் என்ன மரம்னு நெனைக்கறீங்க? இது மரமே இல்ல, மரத்தோட..." என்று தொடங்கினேன். அவள் முகத்தில் அந்தப் பழைய மரியாதை வந்து உட்காருவதைப் பார்த்தேன். சிரிக்க வேண்டுமா, வேண்டாமா, எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்று யோசிக்கிற முகம். இத்தனை நாளும் நான் ஒரு கேள்வியையாவது கேள்வியாகக் கேட்டேனா என்று அப்போதுதான் தோன்றியது. கத்தரிக்காய் கலரா, காய்ச்சல்காரன் நாக்கா என்று கேட்டால் ஒரு மனுஷி என்னதான் சொல்வாள்? ரெண்டும் ஓகே என்றுதான் சொல்வாள்.

ரம்பத்தைக் கீழே வைத்தேன். கதவுக்கு வெளியே பேச்சும் நின்றிருந்தது. அக்கா தங்கை இருவரும் இடுக்கில் காதை வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்க வாயெடுத்தபோது ஒரு ஜோக் தானாக நாக்கு நுனிக்கு வந்தது. நல்ல ஜோக். அதை விழுங்கினேன்.

"கதவு தொறந்ததும் பெரியம்மாகூடப் போறியா, இங்க இருக்கியா? எதச் சொன்னாலும் எனக்குக் கோவம் வராது. வருத்தம் வரும், அது என் பாடு."

நான் அறுத்த கோட்டைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பொந்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, என் இடுப்பு வாரில் மாட்டியிருந்த டேப்பைக் கேட்காமலே உருவி எடுத்தாள். அதன் நுனியைப் பொந்தின் ஒரு பக்கத்தில் வைத்து, "இதப் பிடிங்க" என்றாள். பிடித்தேன். மறுபக்கம்வரை இழுத்து, கட்டைவிரலால் அழுத்தி, குனிந்து படித்தாள்.

"அறுபத்தாறு. நீங்க அறுக்கறது எவ்வளவு?"

"நாலு விரல். எட்டு சென்டிமீட்டர் வச்சுக்கோ."

"அப்ப அம்பத்தெட்டு." உதட்டை அசைத்து ஏதோ கழித்தாள். "என் பெட்டி அம்பத்தஞ்சு. படுக்க வச்சா போகும்."

பெட்டியின் அளவு அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. வந்து சேர்ந்த வீட்டில் எல்லாம் அதற்கு ஓர் இடம் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். நான் டேப்பின் நுனியைப் பிடித்தபடியே இருந்தேன்.

"சர்வேயர்," என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "பெட்டி இங்க கீழ இருந்தா இருப்பேன். பரண் மேல இருந்தா போறேன்."

கதவுக்கு வெளியே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என் மனைவியாக இருக்கும் என்று நினைத்தேன், பெரியம்மாவாகவும் இருக்கலாம்.

"சரி," என்றேன். நிறுத்தியிருக்கலாம். ஆனால் எல்லை எது என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் எழுந்து போன பழக்கம் எனக்கு இல்லை. "வெறும் பெட்டியா? துணி எல்லாம் டிராயர்ல இருக்கட்டுமா?"

அவள் கட்டைவிரல் இன்னும் அறுபத்தாறின் மேலேயே இருந்தது. தலைமுடியில் கொஞ்சம் மரத்தூள். எங்கள் இருவருக்கும் நடுவில் மஞ்சள் டேப் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

"துணியோட," என்றாள்.