பதினொரு வரிச் சாட்சி

சபைச் செயலாளர் தாளைத் திருப்பித் தந்தபோது, அவள் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம் பதினொரு வரியாகச் சுருங்கியிருந்தது. மிச்சமெல்லாம் சிவப்பு மை. மனிதர் கெட்டவர் அல்ல. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூடப் பேனாவைத் திறக்கிற ரகம். ஆனால், 'என் கணவர் அடித்ததில் இடது காது போயிற்று' என்று அவள் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'சாத்தானின் சோதனையால் சோர்ந்துபோனேன்' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார். அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது.

"சாத்தான் இல்லண்ணே. என்னை அடிச்சவருக்கு நம்ம சபையில உறுப்பினர் நம்பர் இருக்கு. பாடகர் குழுவுல கீபோர்டு வாசிக்கிறார்."

செயலாளர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "கோபப்படாதேம்மா. சாட்சிங்கிறது கர்த்தர் செஞ்சதைச் சொல்றதுக்கு. மனுஷன் செஞ்சதை எதுக்கு இழுக்கணும்? இதை மட்டும் படி. படிச்ச கையோட திருவிருந்துல சேர்ந்துக்கலாம்."

அங்கேதான் அவளைப் பிடித்தார். உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தவர்கள் சபை முன் சாட்சி சொன்ன பிறகுதான் அப்பத்துக்கும் ரசத்துக்கும் கை நீட்டலாம் என்பது அங்கே வழக்கம். அடித்தவருக்கு அப்படி ஒரு வழக்கமும் இல்லை. பத்து மாதமாக, முதல் ஞாயிறுதோறும் அவர் ஜம்மென்று எழுந்து போய் வாங்கிக்கொண்டு வர, அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அப்பத்துக்காக அவளுக்கு நிஜமாகவே பசித்தது.

கடவுளுக்கும் அவளுக்கும் நடந்தது பதினொரு வரிக்குள் அடங்குகிற சமாசாரமும் இல்லை. மாத்திரைகளை விழுங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் அவள் நன்றி சொல்லவில்லை. யாரைக் கேட்டுக் காப்பாற்றினாய் என்று சண்டைக்குப் போனாள். அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை. ஈரப் போர்வைகளைச் சூட்டு உருளைக்குள் தள்ளிக்கொண்டே தினமும் கடவுளைக் கிழி கிழியென்று கிழித்தாள். அவர் பதில் பேசவில்லை. எழுந்து போகவும் இல்லை. அவள் கத்தும்போது கை ஓங்காமல் கேட்டுக்கொண்டிருந்த முதல் ஆள் அவர்தான். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது, "மீதியை நாளைக்குப் பேசிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. நாளைக்கா? அப்படி ஒன்று வேண்டவே வேண்டாம் என்றுதானே மாத்திரைகளை விழுங்கினாள்! போர்வை வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்று மேற்பார்வையாளர் முடிவே கட்டிவிட்டார். அந்தப் பகுதியையும் செயலாளர் அடித்திருந்தார். சபைக்குப் புரியாதாம்.

ஞாயிறு காலை, திருத்திய தாளோடுதான் மைக் முன்னால் போய் நின்றாள். பசி அப்படி. முதல் மூன்று வரிகளைப் பிசகில்லாமல் படித்தாள். நாலாவது வரி சாத்தான். அதற்கு வாயெடுத்தபோது பக்கத்திலிருந்து மெல்லிய இசை எழுந்தது. யாராவது சாட்சி சொன்னால் பின்னணியில் உருக்கமாக வாசிப்பது அங்கே வாடிக்கை. வாசித்தவர் அவள் கணவர். கண்களை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, அந்த விரல்களாலேயே.

"முதல்ல அதை நிறுத்துங்க," என்றாள்.

இசை நின்றது. தாளை நாலாக மடித்தாள்.

"என் இடது காதைச் செவிடாக்கினது இவர். சாத்தான் மேல பழி போட எனக்கு மனசு வரல."

மைக் செத்தது. யாரோ இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கினால் என்ன? எட்டு வருடமாகச் சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. கடைசி பெஞ்சுவரை கணீரென்று கேட்டது.

"நான் செத்துப்போகத்தான் பார்த்தேன். அவர் விடல. அது கர்த்தர் செஞ்சது. இது மனுஷன் செஞ்சது. ரெண்டையும் சொன்னாத்தான் சாட்சி. சிலுவையில செத்து மூணாம் நாள் எழுந்து வந்தவரே கையில இருந்த ஆணிக் காயத்தை மறைக்கல. தொட்டுப் பாருன்னு நீட்டினார். நான் மட்டும் எதுக்கு மறைக்கணும்?"

வழக்கமாகச் சாட்சி முடிந்ததும் எழும் 'ஸ்தோத்திரம்' எழவில்லை. அவள் கடைசி பெஞ்சுக்குத் திரும்பிப் போகவில்லை. பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அந்த மாதத்துத் திருவிருந்து தொடங்கியது. போதகர் அப்பத்தட்டோடு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து அவள் முன்னால் நின்றார். செயலாளர் விறுவிறுவென்று வந்து போதகரிடம் ஏதோ முணுமுணுத்தார். போதகர் அவளைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. வேண்டுமானால் மத்தியானம்வரை இப்படியே இருப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

பாடகர் குழுவிலிருந்து யாரோ இறங்கி வரும் சத்தம். அவளுக்குப் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பெண், வெள்ளைச் சேலை கசங்க, அவளை ஒட்டி முழங்கால் போட்டாள். எந்த வெயிலிலும் மணிக்கட்டுவரை மூடியே இருக்கும் ரவிக்கைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டாள். மணிக்கட்டிலிருந்து மேலே, பழைய சூட்டுத் தழும்புகள். அந்தக் கைகளையும் தட்டுக்கு முன்னால் நீட்டினாள்.

போதகர் தட்டோடு அங்கேயே நின்றார். நான்கு உள்ளங்கைகள் விரிந்தபடியே இருந்தன.