கல்யாணம் இருந்த ஹார்ட் டிஸ்க்

புது கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டினேன். நன்றாக ஓடுகிற டிஸ்க், எதற்கு வீணாக்க வேண்டும்? கடையில் கொடுத்து மாட்டச் சொன்னாள் என் மனைவி பிரேமா. எனக்குத் தெரியாததா என்று ஸ்க்ரூ டிரைவரோடு நானே உட்கார்ந்தேன். விண்டோஸ் ஏற்றும்போது எந்த டிஸ்க்கை அழிக்கட்டும் என்று கேட்டது. இரண்டும் ஒரே அளவு. அவசரக்குடுக்கை நான், பழையதை அழித்துவிட்டேன்.

போட்டோ எல்லாம் போனில் இருக்கிறது. போனது எங்கள் கல்யாண வீடியோ. சி.டி.யில் பூஞ்சை பிடித்தபோது அந்த டிஸ்க்கில்தான் ஏற்றி வைத்திருந்தேன். பழவங்காடியில் ஒரு கடையில் காட்டினேன். "போயி சாரே", எல்லாம் போய்விட்டது என்று மலையாளத்தில் சொல்லித் திருப்பித் தந்தார்கள்.

பிரேமாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்த வாரம் கல்யாண நாள் வேறு. வருஷா வருஷம் அன்றைக்கு "வீடியோ பாப்பமா?" என்று நான்தான் கேட்பேன். அவள் தலைவலி என்பாள், அடுப்பில் பால் இருக்கிறது என்பாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த வெட்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த வருஷம் நான் வாயே திறக்கவில்லை. பிச்சிப்பூவைக் கொடுத்துவிட்டு பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

பாயசக் கிண்ணத்தை நீட்டியபடி எதிரே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"டிஸ்க்கத் தொறந்து பாத்துட்டியளா? வீடியோ இல்லன்னு தெரிஞ்சுதான் கேக்காம இருக்கியளா?"

நான் பேப்பரை இறக்குவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நான்தான் அழிச்சேன். எட்டு வருசமாச்சு. ஒங்க டிபார்ட்மென்ட் டெஸ்டுக்கு ஆபீஸ் ஹரிகுமார் சார் கிளாஸ் வீடியோ தந்தாருல்லா, ஏத்தப்போனா எடமில்லன்னு காட்டிச்சு. இருக்கதுல பெருசு நம்ம கல்யாணந்தான். நீங்க பாஸாவணுமேன்னு..." மூக்கை உறிஞ்சினாள். "ஒவ்வொரு வருசமும் நீங்க கேக்கும்போ நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிடும்."

அந்தத் தேர்வில் பாஸாகித்தான் எனக்குப் பதவி உயர்வே வந்தது. "போட்டும், பரவால்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டால் போதும், என் தப்பை யாரும் கேட்கப்போவதில்லை. சொல்ல வாயும் எடுத்தேன். ஆனால் எனக்காக எட்டு வருஷம் பயந்துகொண்டிருந்தவளைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு பிரியமாக இருந்தது. பொய் வரவில்லை.

"பிரேமா, நான் ஒண்ணையும் பாக்கல. போன வாரம் அந்த டிஸ்க்க மொத்தமா அழிச்சிட்டேன். கைதவறி. கடையிலயும் கைய விரிச்சிட்டாங்க."

அழுகை நின்றது. என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீட்டிய கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ நான் வாயத் தொறந்திருக்கவே வேண்டாமே!"