இருபத்தாறாம் அறையின் இரண்டாவது கட்டில்

முதலாம் ஆண்டுப் பெண்கள் எந்த விடுதியில், எந்த அறையில் தங்கப் போகிறார்கள் என்பதை அவரவர் மேடைக்கு வந்து, மைக் முன்னால் நின்று, தம் வாயாலேயே சொல்ல வேண்டும். இந்த வருடத்துப் புது விதி அது. போன வருடம் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கியதில் ஒன்று ஏழாகி, ஏழு ஒன்றாகி, ஒரே கட்டிலுக்கு இரண்டு பேர் பெட்டியோடு வந்து நின்று சண்டை போட்டார்களாம். எழுத்தே வேண்டாம், வாய்தான் என்று வார்டன் அம்மாள் முடிவு கட்டிவிட்டார். யார் செய்த கூத்தோ, கடைசியில் அது ஏலக்காரர் மகள் தலையில் வந்து விடிந்தது.

அவளுக்குத் திக்கும். எல்லா எழுத்துக்கும் இல்லை. மற்றவை பதற்றத்தில் கொஞ்சம் தடுக்கினாலும் வந்துவிடும்; சொல்லின் முதலில் 'க'வோ 'ப'வோ வந்தால்தான் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி நின்றுவிடும். அவளுடைய அப்பாவோ, பழைய வண்டிகளை ஏலம் விடும் கொட்டகையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்திப் பிழைக்கிற மனிதர். அவர் "ஒருதரம்" என்றால் தெருக்கோடியில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். "ரெண்டு பேருக்கும் உள்ள பேச்சை அவரே பேசித் தீத்துட்டா, பொண்ணுக்கு மிச்சம் எங்கே இருக்கும்?" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிப்பதற்குத் திக்காதல்லவா?

காபி குடிக்க ஆசைப்பட்டு, டீ என்று சொல்லி, டீயையே குடித்து வளர்ந்தவள் அவள். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் வராமல், அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கித் திரும்பி நடந்து வந்தவள். ஒரு வார்த்தை வரவில்லையா, இன்னொரு வார்த்தை. அதுவும் வரவில்லையா, தலையாட்டு. பள்ளிக்கூடத்தை இப்படித்தான் ஓட்டினாள். ஆனால் அறை எண்ணுக்கு வேறு வார்த்தைக்கு எங்கே போவது?

பக்கத்து நாற்காலியில் ரேடியோ உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே கூட்டாளி. வாய் ஓயாது என்பதால் பள்ளியில் வைத்த பெயர் அது. இவளுக்கு வைத்த பெயர் மியூட். இவளுக்குப் பென்சில் வேண்டுமா, ரேடியோ கேட்பாள். இவளை எவளாவது சீண்டினாளா, ரேடியோ அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். இவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் போதும், முடிப்பது ரேடியோ. இப்போது பல்கலைக்கழகமும் ஒன்றே கிடைத்துவிட்டதில் ஏலக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "அவ இருக்கா, எனக்குக் கவலையே இல்ல," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கவலை யாருக்கு என்றால், மகளுக்கு.

எல்லாம் ஒரு பல்லில் தொடங்கியது. போன மாதம் கடைவாயில் உயிர்போகிற வலி. பல் டாக்டர், "எந்தப் பக்கம்மா?" என்று இவளைத்தான் கேட்டார். இவள் வாயைத் திறப்பதற்குள், "இடது பக்கம் டாக்டர், ரெண்டு நாளா சாப்பிடவே இல்ல, பாவம்," என்று ரேடியோ முடித்துவிட்டாள். வலி வலது பக்கம். "அந்தப் ப... ப..." என்று இவள் முட்டிக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் ஊசி ஏறிவிட்டது. இவள் டாக்டரின் கையைப் பிடித்துத் தள்ளி, வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டிய பிறகு அந்தப் பக்கமும் ஊசி போட்டார்கள். இரண்டு பக்கமும் மரத்துப்போன வாயோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். இவளுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்றைக்குப் பல், நாளைக்கு என்ன? எந்தப் பாடம் எடுப்பது, யாரைப் பிடிக்கிறது, யாரைப் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் ரேடியோவே சொல்லிவிடுவாளோ? நினைக்க நினைக்கப் பயம் வந்தது. பயத்தோடு கோபமும் வந்தது. ரேடியோ கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

அதனால் ஒரு முடிவுக்கு வந்தாள். ரேடியோ ஏ பிளாக் இருபத்தாறாம் அறை என்று காலையிலேயே தீர்மானித்துவிட்டாள். இவள் பி பிளாக்குக்குப் போவாள். முன்பின் தெரியாத ஒருத்தியோடு தங்குவாள். திக்கினாலும் திணறினாலும் அவளிடம் தானே பேசுவாள். முதல் நாளே அப்படித் தொடங்காவிட்டால் ஆயுசுக்கும் தொடங்க மாட்டோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. ரேடியோவிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குத் திக்கல் காரணம் இல்லை.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 'ஏ'யும் 'இருபத்தாறு'ம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வரும். 'பி'தான் அவளுக்கு எமன்.

மேடையில் பெரிய திரை. காலியான கட்டில் பச்சை, எடுத்தது சிவப்பு. ஒவ்வொருத்திக்கும் ஒரு நிமிடம். நிமிடம் முடிந்தால் வார்டன் அம்மாள் மேசை மணியைத் தட்டுவார். அதற்குமேல் விடுதி நிர்வாகமே ஏதாவது ஒரு கட்டிலை ஒதுக்கிவிடும். பெற்றவர்கள் கடைசி வரிசைகளில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோவின் முறை இவளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்தது. மேடையேறியவளுக்கு என்ன ஆயிற்றோ, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமா சொல்லும்மா," என்றார் வார்டன்.

மறுபடியும் வெறும் காற்று. கணினியில் பதிவு செய்கிறவர் எழுந்து வந்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏ இருபத்தாறு, மேடம்," என்றார். ஒரு கட்டில் சிவப்பானது.

இறங்கப் போன ரேடியோ சட்டென்று திரும்பினாள். "மேடம், இன்னொரு கட்டில் என் ஃப்ரெண்டுக்கு! வேற யாருக்கும் குடுத்துடாதீங்க!" கணீரென்று அரங்கம் முழுக்கக் கேட்டது.

"அவங்க வந்து அவங்க வாயாலே சொல்லட்டும்."

பின்வரிசையில் ஏலக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தீங்களா, தங்கமான பொண்ணு," என்பது இங்கே வரை கேட்டது.

ஏலக்காரர் மகளின் கண் திரையை விட்டு நகரவில்லை. பி பிளாக்கில் பச்சை கரைந்துகொண்டே வந்தது. ஐந்தாறு இருந்தது மூன்றாகி, மூன்று ஒன்றாகி, முப்பத்தேழாம் அறையில் ஒரே ஒரு கட்டில் மிச்சம். இவளுக்கு முன்னால் இன்னும் ஒருத்தி. அந்த மகராசி திரையை மேலும் கீழும் பார்க்கிறாள், நகத்தைக் கடிக்கிறாள், "பி..." என்கிறாள். "வேணாம், ஏ பிளாக்கே குடுங்க," என்றாள் அவள். இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேடையேறினாள். மைக் முன்னால் நின்றாள். உதட்டை மூடினாள்.

மூடிய உதடு மூடியபடியே நின்றது. 'பி' வரவில்லை. நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் தள்ளினாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது, உதடு திறக்கவில்லை. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தாள். வேறொருத்தி "உஷ்" என்றாள். சிரிப்பைவிட அந்த "உஷ்"தான் அதிகம் சுட்டது. ஏ இருபத்தாறு என்று சொல்லித் தொலைத்துவிடலாமா? சொன்னால் இந்த நொடியே எல்லாம் முடிந்துவிடும். நாக்கு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது.

தடதடவென்று யாரோ மேடையேறி வரும் சத்தம். ரேடியோ. மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மேடம், இவளுக்குத் திக்கும். அவசரப்படுத்தாதீங்க. ஏ பிளாக் இருபத்தாறு, என்கூட!"

"ஆமாங்க மேடம்!" பின்னாலிருந்து ஏலக்காரர் எழுந்து நின்றார். மைக் எதற்கு அவருக்கு? "அதேதான்! இருபத்தாறு! போட்டுடுங்க!"

பதிவு செய்கிறவரின் விரல் விசைப்பலகைக்குப் போனது. தன்மேல் உயிரையே வைத்திருக்கிற இரண்டு பேர் தன்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு அறையில் தள்ளிப் பூட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. ரேடியோவை லேசாக ஒதுக்கினாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இல்ல."

ரேடியோ முதலில் சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்போ எது வேணும்?" வார்டன் அம்மாளின் கை மணிமேல் இருந்தது.

"ப்... ப்..."

மணி அடித்தது. இவள் நகரவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வார்டன் அம்மாள் கையைத் தூக்கி அவர்களை அடக்கினார். ரேடியோ பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது. என்ன எழுத்து என்பது அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் முடித்துக் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"ப்... ப்... பி. பி பி... பிளாக். முப்பத்தேழு."

உடம்பெல்லாம் வேர்த்து வடிந்தது. திரையில் பி பிளாக்கின் கடைசிப் பச்சை சிவப்பானது. யாரும் கைதட்டவில்லை, நல்லவேளை. "அடுத்தது," என்றார் வார்டன்.

அரங்கத்துக்கு வெளியே நடைகூடத்தில் அப்பாதான் முதலில் வந்து பிடித்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ. "நான் கத்தினது தப்பாம்மா?"

"ஆ... ஆமாப்பா."

அவர் கைக்குட்டையை எடுத்து மகளின் நெற்றியைத் துடைத்தார். "சரி," என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

ரேடியோ வந்தாள். கண் சிவந்திருந்தது. "ஏன்டி? நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"ஒ... ஒண்ணும் இல்ல. நீ நல்லதுதான் செஞ்சே. ஆனா, தப்பாச் சொன்னாலும் நா... நா..."

"நீயே சொல்லணும். அதானே?"

சரியாகத்தான் முடித்தாள், பாவி. அதுதானே எரிச்சல்!

"உனக்கென்னடி, நீ போயிட்டே," என்றாள் ரேடியோ. "நான் என்ன செய்யுறது? மேல நான் நின்னதைப் பாத்தே இல்ல? என் ரூம் நம்பரைச் சொல்ல எனக்கு வாய் வரல. உனக்காகன்னா யார்கிட்ட வேணும்னாலும் சண்டைக்குப் போவேன். எனக்குன்னா ஒரு டம்ளர் தண்ணி கேக்க மாட்டேன். உனக்குத் தாகம்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டு எத்தனை தடவை நான் போய்த் தண்ணி குடிச்சிருக்கேன், தெரியுமா உனக்கு?"

தெரியாது. இத்தனை வருடமாகத் தெரியாது. இவளால் பேசத்தான் முடியாது, பார்க்கக்கூடவா முடியவில்லை? அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக வந்தது. ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுதியை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

அப்போதுதான் அரங்கத்திலிருந்து ஒருத்தி விறுவிறுவென்று வந்தாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தாள். "ஏ இருபத்தாறுல நீங்கதானே?" என்று ரேடியோவைக் கேட்டாள். "அந்த இன்னொரு கட்டிலை நான் எடுத்துட்டேன். எனக்கு ஜன்னலோரம்தான் சரிப்படும். நான் அங்க படுத்துக்கறேன், சரியா?"

காலையில் அறைகளைச் சுற்றிக் காட்டியபோது, அந்த ஜன்னலோரக் கட்டிலுக்காகத்தான் ரேடியோ அந்த அறையையே பிடித்தாள். மூடிய இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டும். ஏலக்காரர் மகளுக்கு அது தெரியும்.

ரேடியோவின் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. இவளைத் திரும்பிப் பார்த்தாள்.

'இல்ல, அது அவளோட இடம்.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான். 'க' இல்லை, 'ப' இல்லை, எங்கேயும் முட்டாது. நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொல்லியும் இருப்பாள். ஆனால் நாளைக்கு அந்த அறையில் இவள் இருக்க மாட்டாள். சொல்லாமல் இருப்பது இவ்வளவு கொடுமை என்று இவளுக்குத் தெரிந்ததே இல்லை. போகவும் இல்லை, பேசவும் இல்லை. ரேடியோவின் கையை விடாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"...வேணும்," என்றாள் ரேடியோ.

"என்னங்க? கேக்கல."

ரேடியோவின் நகம் இவள் உள்ளங்கையில் அழுந்தியது. வலித்தது. இவள் காத்திருந்தாள்.

"ஜன்னல் பக்கம் எனக்கு வேணும். மூடின இடத்துல எனக்கு மூச்சு முட்டும்."

"ஓ, அப்படியா? அப்போ நீங்களே எடுத்துக்கோங்க," என்றாள் அந்தப் பெண், அதில் ஒன்றுமே இல்லாதது போல.